ஈரம் போன எடை

கலினாவில் தராசு பேசுமுன்
விமானம் போய்முடிய வேண்டும்.
ஓடுபாதை பக்கத்தில்தான். சன்னல் அதிரும்,
நான்காவது தசம இடத்தில் எண்கள் தத்தளிக்கும்.
காத்திருப்பேன்.
பதினாறு வருடமாக இப்படித்தான் நிறுக்கிறேன்,
வானம் ஓய்ந்த இடைவெளிகளில்.

இன்று காலை வந்த உறை:
அரக்கு முத்திரை ஐந்து, சணல் முடிச்சு,
சாட்சிகள் இருவரின் நடுங்கிய கையெழுத்து.
தாராவி, தொண்ணூறு அடிச் சாலை.
இசக்கிமுத்து, வயது இருபத்திரண்டு.
பிடிபட்டது ஒரு கிலோ நாற்பது கிராம்.

ஒரு கிலோவுக்குள் என்றால் ஒரு வருடம்.
தாண்டிவிட்டால் பத்து வரைக்கும் போகலாம்.
நாற்பது கிராம் என்பது
காய்க்காரர் கொசுறாகப் போடும் கொத்தமல்லி.

மாதிரி இருபத்து நான்கு கிராம் என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள்.
என் தராசில் பத்தொன்பது.
யாரும் எடுக்கவில்லை, எலியும் கடிக்கவில்லை.
பிடித்தது ஜூலையில்.
பழைய இரும்புக் கடையில் இரவல் வாங்கிய தராசில்
மழையையும் சேர்த்து நிறுத்துவிட்டார்கள்.
மீதி மூட்டையும் இதே கணக்கில் காய்ந்திருந்தால்
இன்றைக்கு எண்ணூற்று இருபது சொச்சம்.
படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.
என்னிடம் கேட்டிருப்பது ஒன்றுதான்:
இது அதுதானா?

அதுதான்.
பூ இருக்கிறது. பூ குற்றம்.
அதே காம்பின் இலை, தனியே வந்தால், அந்தக் குற்றமில்லை.
வடக்கே இலையை அரைத்து விற்க
அரசாங்கமே உரிமம் கொடுத்துப் பலகை மாட்டுகிறது.
லென்சுக்குக் கீழே இரண்டின் ரோமங்களையும் பார்த்திருக்கிறேன்.
செடிக்கு இந்தத் தகவல் போய்ச் சேரவில்லை.

அப்பாவிடம் ஒரு பர்மிட் இருந்தது.
உடல்நலம் பேணும் பொருட்டு மது அருந்த
மகாராஷ்டிர அரசு கொடுத்த அனுமதி.
பேணினார்.
சயான் ஆஸ்பத்திரியில், ஐம்பத்தோராம் வயதில்,
கண்வெள்ளை மஞ்சளாகி, வயிறு குடமாகி.
பில் இருந்தது, வரி கட்டியிருந்தார்,
லேபிளில் எச்சரிக்கை இருந்தது.
யாரும் கைதாகவில்லை.
அதனால்தான்
கடை திறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று
கேன்டீனில் யாராவது ஆரம்பித்தால்
டீக்குள் கரையும் பிஸ்கட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆனால் போன வாரம் வேறொரு உறை.
லோயர் பரேலில் ஒரு கழிவறைத் தரையில் கிடந்த கைப்பை.
ம்ருண்மயி ஓக், வயது பத்தொன்பது.
அந்தப் பெயரைச் சரியாகச் சொல்ல
பக்கத்து மேசையில் கேட்டுக்கொண்டேன்.
அவள் வாங்கியதாக நினைத்தது
அந்தப் பொடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.
சுண்ணாம்பு. காய்ச்சல் மாத்திரை.
பிறகு இன்னொன்று,
அதன் பெயரை எழுதும்போது எனக்கே கை நின்றது.

நாற்பது நிமிடத்தில் கருவி சொல்லிவிட்டது.
உறை என் மேசைக்கு வர ஐந்து மாதம்.
அதற்குள் என்ன இருந்தது என்று தெரிந்த முதல் ஆள் நான்.
அடுத்தது நீதிபதி.
விழுங்கியவள் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

என் சீட்டு எப்போதும்
பிணத்துக்கும் விலங்குக்கும் பிறகே வருகிறது.
முன்னாலேயே வந்திருந்தால்?
பொட்டலத்தின் மேல், பொடி எழுத்தில், என் கையெழுத்தோடு:
இதில் இது இவ்வளவு. இதற்குமேல் வேண்டாம். இதோடு அதைச் சேர்க்காதே.
அப்பாவின் பாட்டிலிலும் ஒட்டியிருந்தது,
படிக்கவில்லை அவர்.
அவளுக்கோ
படிக்காமல் விடுவதற்குக்கூட எதுவும் இல்லை.

இரண்டு சாவையும் எதிரெதிர்த் தட்டில் வைத்துப் பார்த்தேன்.
முள் ஒரு பக்கம் சாய்கிறது.
எந்தப் பக்கம் என்று சொன்னால்
அம்மா ஒருவாரம் என்னோடு பேசமாட்டாள்.

மணி நான்கு. இன்னொரு விமானம்.
சன்னல் அடங்கியதும்
இசக்கிமுத்துவின் படிவத்தில்
கட்டம் இல்லாத ஓரத்தில் எழுதுகிறேன்:
பெற்றபோது எடை பத்தொன்பது. குறைந்தது ஈரம்.
மாத்ரே சார் பார்த்ததும் அடித்துவிடுவார்.
அடிக்கட்டும்.
அவருடைய பேனா மெல்லியது,
கோட்டுக்குக் கீழே எண் தெரியும்.